ஒன்பதாவது இடமும் பத்தாவது இடமும்

2025 ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். தார்நாகாவில் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் நானும் ஓனர் காருவும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். ஓனர் காரு கையில் அன்றைய பேப்பர். ஐ.பி.எல். பாயிண்ட்ஸ் டேபிளைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். வட்டம் மேலே இல்லை, அடியில்.

ஒன்பதாவது இடம் சன்ரைசர்ஸ் ஹைதராபாத். எட்டு ஆட்டம், இரண்டு வெற்றி. பத்தாவது இடம் சென்னை சூப்பர் கிங்ஸ். எட்டு ஆட்டம், இரண்டு வெற்றி. அதற்குக் கீழே பேப்பரில் சமையல் எண்ணெய் விளம்பரம்தான் இருந்தது.

"ஏம் சார், மனம் இத்தரம் ஒகே படவலோ உன்னாமு" என்றார். அதாவது, நாம இரண்டு பேரும் ஒரே படகில்தான் இருக்கோம் என்று. படகு இல்லை சார், பரிசல், அதுவும் ஓட்டைப் பரிசல் என்று சொல்ல நினைத்தேன். பரிசலுக்குத் தெலுங்கில் என்ன என்று சட்டென்று வாயில் வரவில்லை. பத்தொன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்வதில் வெட்கம் :-)

அன்று இரவு ஏழரைக்கு இந்த இரண்டு அணிகளுக்கும் சேப்பாக்கத்தில் ஆட்டம். தோற்றவருக்கு ஏறக்குறைய சங்குதான். பாதி சீசன் தாண்டிவிட்டது. ஓனர் காரு பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். மீதி ஆறு ஆட்டம், ஆறும் ஜெயித்தால் பன்னிரண்டு, கையில் இருப்பது நாலு, ஆக மொத்தம் பதினாறு. பதினாறு எடுத்தால் ப்ளே-ஆஃப் போகலாம். அஞ்சு ஜெயித்தால் பதினாலு. பதினாலு எடுத்தால்... அங்கே பென்சில் நின்றது. பதினாலுக்கு நெட் ரன் ரேட் வேண்டும். எங்கள் இரண்டு பேரிடமும் இல்லாத சரக்கு அது.

(நெட் ரன் ரேட் தெரியாத தாய்மார்களுக்கு: நாம் ஓவருக்கு அடித்த சராசரி ரன்னிலிருந்து எதிராளி நமக்கு எதிராக அடித்த சராசரியைக் கழிக்க வேண்டும். ஆல் அவுட் ஆனால், பதினைந்து ஓவரே ஆடியிருந்தாலும் இருபது ஓவர் ஆடியதாகத்தான் கணக்கு. கேவலமாகத் தோற்றவனை மறுபடி ஒரு தட்டு தட்டுகிற ஏற்பாடு. தங்கமணிக்கு இதை நான் மூன்று வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன்.)

தார்நாகா தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செகந்திராபாத்திலிருந்து உப்பல் போகிற ரோட்டில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிற இடம். ஒரு பக்கம் லாலாகூடா, மெட்டுகூடா என்று ரயில்வே ஏரியாக்கள். இன்னொரு பக்கம் ஹப்சிகூடா வரை வரிசையாக ஆராய்ச்சி நிலையங்கள். அப்படி ஒன்றில் வேலை கிடைத்து 2006ல் ஒரு பெட்டி, ஒரு பிரஷர் குக்கரோடு வந்து இறங்கியவன் நான். சொந்த ஊர் மன்னார்குடி. உப்பல் கிரிக்கெட் மைதானம் இங்கிருந்து மெட்ரோவில் மூன்றாவது ஸ்டேஷன். ஆட்டம் இருக்கிற நாட்களில் தார்நாகா ஸ்டேஷன் படிக்கட்டு முழுக்க ஆரஞ்சு சட்டைதான்.

அந்த ஆரஞ்சில் ஒரு வேடிக்கை உண்டு. ஹைதராபாத்தின் முதல் அணி டெக்கான் சார்ஜர்ஸ். 2008ல் பதினாலில் இரண்டே ஆட்டம் ஜெயித்துக் கடைசி இடம். மறு வருஷமே தென்னாப்பிரிக்காவில் நடந்த போட்டியில் கில்கிறிஸ்ட் தலைமையில் கோப்பை. 2012ல் அந்த அணியே இல்லாமல் போய், ஹைதராபாத் உரிமையை ஏலத்தில் எடுத்தது நம்ம சென்னை சன் டிவி குழுமம். ஆக இந்த ஊர்க்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவது மெட்ராஸ் முதலாளியின் அணிக்கு. சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போட்டு நாடறிந்த ஆளானதும் இந்தச் சட்டையில்தான். இதை நான் சொல்லும்போதெல்லாம் ஓனர் காரு, "அரவவாள்ளு எக்கடைனா உண்டாரு" என்பார். தமிழாள் எங்கே போனாலும் இருப்பான் என்று. திட்டா பாராட்டா என்று நான் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பாதி சீசனில் கீழே கிடக்கிற அணியின் ரசிகனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அவனிடம் பழைய கதை இருக்கும். ஓனர் காருவின் கதை போன வருஷத்து பெங்களூர். 2024ல் அவர்கள் முதல் எட்டு ஆட்டத்தில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. ஒன்பதாவது ஆட்டம் எங்கே தெரியுமோ? உப்பலில். தேதி? அதே ஏப்ரல் 25. அங்கே சன்ரைசர்ஸை முப்பத்தைந்து ரன்னில் அடித்துவிட்டு, அதிலிருந்து வரிசையாக ஆறு ஜெயித்து, பதினாலு பாயிண்ட்டோடு ப்ளே-ஆஃப் போனார்கள். அந்த ஆறாவது ஆட்டத்தில் அவர்கள் வெளியே தள்ளியது எங்களை. அதே பதினாலு பாயிண்ட், ரன் ரேட்டில் கீழே. "ஒன்றை வைத்துக்கொண்டு அவர்கள் போனார்கள், நம்மிடம் இரண்டு இருக்கிறதே" என்பது ஓனர் காருவின் வாதம். இதே ரீதியில், 2014ல் முதல் ஏழில் ஐந்து தோற்ற கொல்கத்தா கோப்பை வாங்கியது, 2015ல் முதல் ஆறில் ஐந்து தோற்ற மும்பை கோப்பை வாங்கியது என்று அவரிடம் ஸ்டாக் நிறைய.

என் கதை 2010. உண்மையில் அது என் கதை இல்லை, என் அண்ணன் கதை.

அந்த வருஷம் சென்னை முதல் ஏழு ஆட்டத்தில் இரண்டுதான் ஜெயித்திருந்தது. நடுவில் வரிசையாக நாலு தோல்வி. அதில் ஒன்று பஞ்சாபிடம் டை ஆகி சூப்பர் ஓவரில் போனது. அப்போது நான் பிரம்மச்சாரி, தார்நாகாவில் ஒற்றை ரூம். வெளியே தெலங்கானா போராட்டம். 2009 டிசம்பரிலிருந்தே உஸ்மானியா பல்கலைக்கழகம்தான் அதற்கு நடுமையம். கண்ணீர்ப்புகை வாசனை எங்கள் தெரு வரைக்கும் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஈரத்துண்டை மூஞ்சியில் கட்டிக்கொண்டு மேட்ச் பார்த்த நாட்கள் உண்டு. ஊர் நிலைமையால் டெக்கான் சார்ஜர்ஸுக்கு அந்த வருஷம் உப்பலில் ஒரு ஆட்டம்கூடக் கிடையாது. நாக்பூர், கட்டாக், நவி மும்பை என்று அலைந்தார்கள். ஹைதராபாத் அணியும் ஊரை விட்டு வெளியே, நானும் ஊரை விட்டு வெளியே.

அண்ணன் தினமும் மன்னார்குடியிலிருந்து போன் போடுவான். "சாப்டியா, கதவைச் சாத்திக்கிட்டியா" முடிந்ததும் கிரிக்கெட்தான். "சேப்பாக்கம் வரட்டும்டா, திரும்பும் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். திரும்பியது. ஏப்ரல் 3ஆம் தேதி ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 56 பந்தில் 127. மொத்தம் 246. பதிலுக்கு அவர்களும் 223 எடுத்தார்கள், அது வேறு விஷயம். கடைசி லீக் ஆட்டம் தரம்சாலாவில். பஞ்சாப் 192. கடைசி ஓவரில் பதினாறு ரன் வேண்டும், பந்து போடுவது இர்ஃபான் பதான். தோனி நாலே பந்தில் முடித்தார். கடைசி இரண்டும் சிக்ஸர். அடித்துவிட்டுத் தன் ஹெல்மெட்டில் தானே குத்திக்கொண்டார், ஞாபகம் இருக்கிறதா? அந்த நிமிஷம் போன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை, சிரிக்கிறான். அந்த வருஷம் நாலு அணிகள் பதினாலு பாயிண்ட்டில் நின்று, ரன் ரேட்டில் முன்னே போய், அரையிறுதியில் டெக்கானை அடித்து (தெருவில் மறுநாள் என்னை யாரும் சட்டை செய்யவில்லை), இறுதியில் மும்பையை அடித்து முதல் கோப்பை.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். பள்ளிக்கூட வாத்தியார். ஊரிலேயே, எங்கள் வீட்டிலேயே இருக்கிறான். அப்பா போனதும் என்னைப் படிக்க வைத்தவன். அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவனும் அவன்தான். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை சார்மினார் எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போய், அங்கிருந்து மன்னை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய், நாலு நாள் இருந்துவிட்டு வந்தவன்.

2021ல் ஹப்சிகூடாவில் ஒரு ஃப்ளாட் வந்தது. நல்ல ஃப்ளாட். கொஞ்சம் கை கடித்தது. ஊர் வீட்டை விற்றால் என் பங்கு வரும் என்று எனக்குத் தோன்றியது. ஜூலை மாதம் போனில் கேட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "வித்தா நான் எங்கடா போறது?" என்றான். நான் சொன்ன பதிலை இங்கே எழுதப் போவதில்லை. சட்டப்படி சரியான பதில். ஃப்ளாட் வாங்கவில்லை. மூன்று மாதம் பேச்சும் இல்லை.

அக்டோபர் 10, 2021. கொரோனாவால் மீதி ஐ.பி.எல். அரபு நாட்டில் நடந்தது. துபாயில் டெல்லியோடு முதல் குவாலிஃபயர். தோனிக்கு வயதாகிவிட்டது என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த சமயம். வந்தார், ஆறு பந்தில் பதினெட்டு, ஆட்டம் முடிந்தது. போன் அடித்தது. "பாத்தியா?" என்றான். "பாத்தேன்" என்றேன். "ம்" என்றான். வைத்துவிட்டான். ஐந்து நாள் கழித்துக் கோப்பை, மறுபடி போன், இந்தத் தடவை பத்து நிமிஷம்.

அதிலிருந்து இதுதான் ஏற்பாடு. நாங்கள் யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. மேட்ச் முடிந்தால் போன். மேட்ச் பற்றி மட்டும். வீடு, பத்திரம், அம்மா திதிக்கு யார் என்ன செலவு செய்தது, எதுவும் வராது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அண்ணி பேசுவார்கள், போன் கை மாறும், "எல்லாரும் சௌக்கியமா", அவ்வளவு. ஜூனிலிருந்து மார்ச் வரை வேறு கிடையாது. பதினாலு லீக் ஆட்டம் என்றால் பதினாலு போன். ப்ளே-ஆஃப் போனால் இன்னும் இரண்டோ மூன்றோ. 2022ல் அணி ஒன்பதாவது இடம், பதினாலோடு சரி. 2023ல் அகமதாபாத்தில் மழை பெய்து, ஆட்டம் முடிய விடியற்காலை ஆகி, ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஆறும் நாலும் அடித்தபோது நாங்கள் முக்கால் மணி நேரம் பேசினோம். தங்கமணி எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இப்போது புரிந்திருக்கும், பாயிண்ட்ஸ் டேபிளில் நான் ஏன் இவ்வளவு அக்கறையாக இருந்தேன் என்று.

2025 நன்றாகத்தான் ஆரம்பித்தது. முதல் ஆட்டத்தில் மும்பையை அடித்தார்கள், நூர் அகமது நாலு விக்கெட். அண்ணன் போனில் "ஒத்தப்படை வருஷம்டா. 2021, 2023, இப்ப 2025" என்றான். என் பையன் பக்கத்திலிருந்து, "2010ம் 2018ம் ரெட்டைப்படைதானே பெரியப்பா" என்று கத்தினான். பையனுக்குப் பன்னிரண்டு வயது. இங்கேயே பிறந்தவன். நம் அணி தடையில் இருந்த 2016ல் சன்ரைசர்ஸ் கோப்பை வாங்கியது, அவன் விவரம் தெரிந்து பார்த்த முதல் கோப்பை அது. அதனால் ஆரஞ்சு. வீட்டுக்குள்ளேயே எதிரி.

அப்புறம் ஐந்து தோல்வி, வரிசையாக. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் ஜெயிக்காத பெங்களூர் வந்து ஐம்பது ரன்னில் அடித்தது. 2010க்குப் பிறகு அங்கே ஜெயிக்காத டெல்லி வந்து அடித்தது. ருதுராஜுக்கு முழங்கையில் எலும்பு முறிவு, தோனி மறுபடி கேப்டன், அந்த முதல் ஆட்டத்திலேயே கொல்கத்தாவிடம் இருபது ஓவரில் 103. அவர்கள் பதினோராவது ஓவரில் முடித்துவிட்டார்கள். "சேப்பாக்கம் வரட்டும்" என்ற வாக்கியத்தை அண்ணன் அதோடு நிறுத்திவிட்டான்.

போன் பேச்சு எப்படி நடந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு நடுவயசு ஆட்கள், ஒரு ஏலத்தைத் திரும்பத் திரும்ப நடத்துவது. நான் சொன்னது: தப்பு ஏலத்தில் நடந்தது. மற்ற எல்லோரும் முதல் ஆறு ஓவரில் எழுபது எண்பது எடுக்கிற பையன்களைத் தேடினால், நாம் அனுபவம் அனுபவம் என்று போனோம். டி20 ஆட்டமே 2023லிருந்து மாறிவிட்டது, இம்பாக்ட் பிளேயர் என்று கூடுதலாக ஒரு பேட்ஸ்மேன் வந்த பிறகு விக்கெட்டைக் காப்பாற்றுகிற ஆட்டம் செல்லாது. அண்ணன் சொன்னது: பிட்ச்தான் காரணம், சேப்பாக்கம் பழைய சேப்பாக்கம் இல்லை, சுழலே இல்லை, அஷ்வினை ஒன்பதே முக்கால் கோடி கொடுத்து ஊருக்குக் கூட்டி வந்து என்ன பிரயோஜனம். "அஷ்வினைச் சொல்லாதே" என்பேன். "ஏன் சொல்லக் கூடாது" என்பான். இப்படியே இருபது நிமிஷம். தோற்ற ஆட்டங்களுக்கு எப்போதுமே போன் நீளம் அதிகம். ஜெயித்தால் "பாத்தியா", "பாத்தேன்".

லக்னோவை ஒரு ஆட்டம் ஜெயித்தார்கள். அடுத்தது மும்பையிடம் ஒன்பது விக்கெட் தோல்வி. அன்றைக்கு ஆறுதல், ருதுராஜுக்குப் பதிலாக வந்த பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே முதல் ஆட்டத்திலேயே 15 பந்தில் 32. அண்ணன் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "அந்தப் பையன் பயப்படல பாத்தியா." வாத்தியார் அல்லவா.

ஆக, ஏப்ரல் 25. முதல் பந்திலேயே ஷமி விக்கெட் எடுத்தார். போன ஆள் ஷேக் ரஷீத், குண்டூர்ப் பையன். ஓனர் காருவுக்குத் துள்ளுவதா துக்கப்படுவதா என்று தெரியவில்லை. "மன பில்லாடு..." என்று இழுத்தார். பிரெவிஸ் 42 எடுத்தார், இன்னும் கொஞ்சம் இருந்தால் ஆட்டம் மாறியிருக்கும், கமிந்து மெண்டிஸ் லாங் ஆஃபில் பாய்ந்து ஒரு கேட்ச் பிடித்தார், அதைப் பார்த்து நானே கை தட்டிவிட்டேன். ஹர்ஷல் படேல் நாலு விக்கெட். சென்னை 154 ஆல் அவுட். தோனிக்கு அது நானூறாவது டி20 ஆட்டம், எடுத்தது ஆறு ரன். சன்ரைசர்ஸ் தடுமாறித்தான் ஆடினார்கள், ஆனாலும் எட்டு பந்து மீதம் வைத்து ஐந்து விக்கெட்டில் ஜெயித்தார்கள். சேப்பாக்கத்தில் சென்னைக்கு எதிராக அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. பையன் ஆரஞ்சு சட்டையோடு மாடியில் மூன்று சுற்று ஓடினான். ஓனர் காரு என் தோளைத் தட்டி, பேப்பரை என்னிடமே கொடுத்துவிட்டுக் கீழே போனார்.

கீழே வந்து போனை மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினொன்றரை. பன்னிரண்டு. அடிக்கவில்லை. எப்போதும் அவன்தான் போடுவான், நான் போட்டதில்லை. இதுவும் அந்த எழுதாத ஏற்பாட்டில் ஒன்று.

பையன் தண்ணீர் குடிக்க வந்தவன் கேட்டான்: "பெரியப்பா ஏன்ப்பா மேட்ச் பத்தி மட்டும் பேசறாரு? டீம் அவுட் ஆயிட்டா போனே பண்ண மாட்டாரா?" போய்த் தூங்குடா என்றேன்.

ஏப்ரல் 30, பஞ்சாப் ஆட்டம். சாம் கரன் 88 அடித்தும், சஹல் ஹாட்ரிக் எடுத்து 190ல் சுருட்டினார். அவர்கள் இரண்டு பந்து மிச்சம் வைத்து அடித்துவிட்டார்கள். மீதி நாலையும் ஜெயித்தாலும் பன்னிரண்டுதான். அந்த வருஷம் முதலில் வெளியே போன அணி நாங்கள். அன்றும் போன் இல்லை. எனக்கு அன்று ஓனர் காருவின் பென்சில் கணக்கெல்லாம் எரிச்சலாக இருந்தது. இனி நாலு ஆட்டம், எதற்கும் அர்த்தமில்லாதவை. அர்த்தமில்லாத ஆட்டத்துக்கு யார் போன் செய்வார்கள்?

மே 3, சனிக்கிழமை, பெங்களூரில். ஷெப்பர்ட் என்ற ராட்சசன் 14 பந்தில் 53 அடித்து 213 ஆக்கிவிட்டான். நான் டிவியை அணைக்கப் போனேன். மாத்ரே ஆட ஆரம்பித்தான். 48 பந்தில் 94. ஒன்றுக்கும் உதவாத ஆட்டத்தில், வெளியே போய்விட்ட அணிக்கு, பதினேழு வயதுப் பையன் உலகக் கோப்பை இறுதி மாதிரி ஆடினான். சதத்துக்கு ஆறு ரன் இருக்கும்போது அவுட். கடைசியில் இரண்டு ரன்னில் தோல்வி.

போன் அடித்தது.

"பாத்தியா அந்தப் பையனை?"

"பாத்தேன். ஏன் ரெண்டு மேட்சா போன் பண்ணல?"

கேட்டே விட்டேன். நாலு வருஷத்தில் கிரிக்கெட் இல்லாத முதல் கேள்வி. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. அந்த விசிறி எனக்குத் தெரியும், கூடத்து விசிறி, அப்பா வாங்கியது.

"ஏணியிலேர்ந்து சறுக்கிட்டேன்டா. பின்கட்டுல ஓடு சரிஞ்சிருக்கு, மழைக்கு முன்னாடி மாத்தணும்னு நானே ஏறினேன். கால்ல கட்டு. ஒண்ணுமில்ல, சின்ன அடிதான். வீட்டுப் பேச்சு வந்துடுமேன்னுதான் போடல."

எந்தக் கால் என்றேன். இடது என்றான். டாக்டர் என்ன சொன்னார் என்றேன். மூன்று வாரம் என்றான். அப்புறம், "மாத்ரே லெக் சைடுல அடிக்கிறப்ப தலை ஆடவே இல்ல கவனிச்சியா" என்றான். கவனித்தேன் என்றேன்.

மே 5ஆம் தேதி உப்பலில் மழை. டெல்லி 133தான் எடுத்திருந்தது, சன்ரைசர்ஸ் மட்டையைக்கூடத் தூக்கவில்லை, ஆட்டம் ரத்து, அவர்களும் வெளியே. அதே மழை எங்கள் மாடியிலும். ஓனர் காரு குடையோடு வந்து நாற்காலிகளை உள்ளே இழுத்துப் போட்டார். "ரண்டி சார், வெல்கம் என்று சொல்லுங்கள்" என்றார். சொன்னேன்.

நடுவில் எல்லையில் சண்டை வந்து, மே 9ஆம் தேதி போட்டியையே நிறுத்தி, 17ஆம் தேதிதான் மறுபடி ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் லீவு. தட்கலில் டிக்கெட் கிடைத்தது. மூன்று பேரும் கிளம்பினோம்.

மே 25, ஞாயிற்றுக்கிழமை, மன்னார்குடி. பின்கட்டில் ஓடு மாற்றியாகிவிட்டது. கொத்தனார் கணக்கைக் கேட்டேன், பாதி நான் தருகிறேன் என்றேன். "பாப்போம்" என்றான் அண்ணன். பத்திரம் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மத்தியானம் சென்னைக்குக் கடைசி ஆட்டம், அகமதாபாத்தில் குஜராத்தோடு. பிரெவிஸ் 23 பந்தில் 57, மொத்தம் 230, 83 ரன் வித்தியாசத்தில் வெற்றி. அப்படியும் பத்தாவது இடம்தான். முதல் தடவையாகக் கடைசி. ராத்திரி சன்ரைசர்ஸ் டெல்லியில் கொல்கத்தாவோடு. கிளாசன் 105, மொத்தம் 278, 110 ரன்னில் வெற்றி. பையன் கூடத்தில் குதித்த குதியில் அந்த விசிறியே ஆடியது.

தார்நாகாவிலிருந்து ஓனர் காரு போன். "சார், இவங்க இதை ஏப்ரலில் ஆடியிருக்கக் கூடாதா?" அண்ணனிடம் கொடுத்தேன். அவனுக்குத் தெலுங்கு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் "மாத்ரே", "கிளாசன்", "ரிலீஸ்", "ரிடெய்ன்" என்று ஐந்து நிமிஷம் பேசினார்கள்.

அப்புறம் அண்ணன் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, பையனுடைய ரஃப் நோட்டை வாங்கி, சிவப்புப் பேனாவால் நடுவில் ஒரு கோடு போட்டான். இடது பக்கம் வைத்துக்கொள்ள வேண்டியவர்கள், வலது பக்கம் விடவேண்டியவர்கள். நூர் இடது, மாத்ரே இடது, பிரெவிஸ் இடது. மூன்றுக்கும் தகராறு இல்லை. நாலாவதாக அஷ்வின் பெயர் வந்தது. பன்னிரண்டு மணிக்கு அண்ணி வந்து விளக்கை அணைக்கிற வரைக்கும் அது முடிவாகவில்லை.